"படம் எப்படிக் கீது?" என்று கேட்டால் என்ன சொல்வது: புதிதாகப் படம் பற்றிப் பேச வருகிறவர்களுக்கு

கோட்டை அகழியை ஒட்டிய பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் கூட்டம் சேரும். ஏழெட்டுப் பேர்தான். மண்டித் தெருவில் கணக்கு எழுதுகிற அண்ணன் ஒருவர், சத்துவாச்சாரியில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, காட்பாடிப் பக்கம் தங்கிப் படிக்கிற மாணவர்கள் இரண்டு பேர், ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிற நான், இன்னும் சிலர். அந்த வாரம் பார்த்த படத்தைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் பேசுவோம், பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவோம், சுண்டல் தீர்ந்ததும் எழுந்து போவோம். சினிமா எங்களில் யாருக்கும் பிழைப்பு இல்லை. பார்க்கப் பிடிக்கும், பார்த்ததைப் பேசப் பிடிக்கும், அவ்வளவுதான்.

புதிதாக யாராவது வந்து உட்கார்ந்தால் முதல் நாள் ஒரே மாதிரிதான் நடக்கும். "நேத்து படத்துக்குப் போனியே, எப்படிக் கீது?" என்று கேட்போம். "நல்லாக் கீதுண்ணா" என்பார். "என்ன நல்லா இருந்துச்சு?" என்றால், "எல்லாமே நல்லா இருந்துச்சுண்ணா." அதோடு பேச்சு நின்றுவிடும். அவரிடம் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், சிரித்திருக்கிறார், ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்திருக்கிறார். எந்த நுனியைப் பிடித்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. இதை அவருக்காக எழுதுகிறேன்.

நாம் சொல்வதைக் கேட்டு ஒருவர் டிக்கெட் எடுக்கிறார் என்பது முதலில் மனதில் இருக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ வேலூர் வந்து படம் பார்க்கிற நாலு பேர் குடும்பத்துக்கு டிக்கெட், பஸ், இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன், திரும்பும்போது டிபன் எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாய் சுலபமாகத் தாண்டிவிடும். ஒரு லீவு நாளும் போய்விடும். யூடியூபில் பேசுகிறவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுத் தாத்தாவுக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கும், சின்னவள் எதைப் பார்த்தால் பயப்படுவாள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் நாலு வரியை அவர்கள் கேட்பது அதனால்தான்.

போவதற்கு முன்னால்

இங்கே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். படம் எத்தனை மணி நேரம், என்ன சான்றிதழ், எந்த மொழி என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலூரில் மொழி முக்கியமான சமாச்சாரம். ஆந்திர எல்லை காட்பாடி தாண்டினால் வந்துவிடும். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. சிஎம்சிக்கு வேலைக்கும் வைத்தியத்துக்கும் வந்த மலையாளிகள், வங்காளிகள், விஐடியில் படிக்க வந்த பல மாநிலப் பிள்ளைகள், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருது பேசுகிற வீடுகள். ஒரே தெலுங்குப் படத்தை ஒருவர் தெலுங்கிலேயே பார்த்திருப்பார், இன்னொருவர் தமிழ் டப்பிங்கில் பார்த்திருப்பார். டப்பிங்கில் நகைச்சுவை செத்துப்போயிருக்கலாம், வாயசைவு ஒட்டாமல் போயிருக்கலாம். எந்த மொழியில் பார்த்தீர்கள் என்று சொல்லாவிட்டால் இரண்டு பேரும் இரண்டு படத்தைப் பற்றிப் பேசிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். எங்கள் கூட்டத்தில் இது நடந்திருக்கிறது, ஒரு முறை இல்லை, பல முறை.

மற்றவர்களுடைய விமர்சனத்தைப் பார்க்காமல் போவது நல்லது. பார்த்துவிட்டுப் போனால் அவர்கள் சொன்ன குறையைத்தான் கண் தேடும். பார்த்துவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை, பேசும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.

உள்ளே உட்கார்ந்திருக்கும்போது

ஒரே ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்: உங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். எந்தக் காட்சியில் கை தானாக போனை எடுத்தது? எங்கே சீட்டின் நுனிக்கு வந்தீர்கள்? பக்கத்தில் இருந்தவர் எந்தப் பாட்டில் எழுந்து பாத்ரூம் போனார்? தியேட்டர் முழுக்க எங்கே சத்தமே இல்லாமல் போனது? "படம் லேக்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "இடைவேளைக்குப் பிறகு அந்தக் கோர்ட் காட்சியில் மூணு தடவை மணி பார்த்தேன்" என்றால் கேட்கிறவருக்கு உடனே புரியும்.

நம் படங்களுக்கு இடைவேளை இருப்பது படம் பற்றிப் பேசுகிறவருக்கு வசதி. விளக்கு எரிந்ததும் ஒரு நிமிடம் யோசியுங்கள்: இதுவரை என்ன ஆயிற்று, இனி என்ன ஆகும் என்று நினைக்கிறேன், யாருக்கு என்ன ஆகக் கூடாது என்று ஆசைப்படுகிறேன். யாரைப் பற்றியும் கவலையே வரவில்லை என்றால் அதுவும் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். ஹீரோ என்ட்ரி பத்து வினாடிதானே என்று தோன்றும். திரையில் ஓடும் படத்தைப் பதிவு செய்வதையும் அதைப் பரப்புவதையும் 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. குறைந்தது மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் அதில் உண்டு. டிக்கெட்டைப் படம் பிடித்துப் போடுங்கள், போஸ்டர் முன்னால் நின்று எடுத்துப் போடுங்கள். திரை வேண்டாம்.

வெளியே வந்த அரை மணி நேரம்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி, இதைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள். பார்க்கிங்கில் வண்டி எடுக்க நெரிசல், வெளியே டீக்கடை, கூட வந்தவர்கள் ஆளாளுக்குப் பேசுவார்கள். ராத்திரி தூங்கி எழுந்தால் ஊர் சொன்னதும் நீங்கள் நினைத்ததும் கலந்துவிடும். அதனால் அப்போதே மூன்று வரி எழுதிவிடுங்கள். போனில் எழுதினாலும் சரி, டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினாலும் சரி.

எங்கள் தையல் கடை அக்கா தன் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுவார். முன் பக்கமெல்லாம் மார்பு, இடுப்பு, கை நீளம் என்று எண்கள். பின்னால் திருப்பினால் படங்கள். ஒரு நாள் வாங்கிப் பார்த்தேன். ஒரு படத்துக்கு இப்படி எழுதியிருந்தார்:

"ரெண்டு பாட்டு வெட்டலாம். அம்மாவா நடிச்சவ நல்லா அழுதா, சத்தம் போடாம. வில்லன் எதுக்குக் கெட்டவன்னு கடைசிவரை தெரியல. கதை 1980ன்னு போடுறாங்க, ஜாக்கெட் கை வெட்டு இப்போ உள்ளது."

நாலே வரி. கடைசி வரியைப் படித்துவிட்டு நான் அந்தப் படத்தை மறுபடி யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்தக் காலத்து வீடு, அந்தக் காலத்து ரேடியோ எல்லாம் இருந்தும் எனக்கு எதுவோ ஒட்டவில்லை. எது என்று தெரியாமல் இருந்தது. அக்காவுக்குத் தெரிந்தது, ஏனென்றால் முப்பது வருஷமாக அவர் கை அதைத்தான் தைக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் அடித்துச் சொல்வது இதுதான்: உங்கள் தொழில் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். ஒளிப்பதிவு, திரைக்கதை, எடிட்டிங் என்று தெரியாத வார்த்தையைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டியதில்லை. மண்டித் தெரு அண்ணன் ஒரு படத்தில் நாயகன் வாங்கிய கடனுக்கு வட்டி போட்டுப் பார்த்து, "அந்த வட்டிக்கு அந்த வீட்டை விக்க வேண்டியதே இல்லைப்பா, கதையே நிக்கல" என்றார். நான் ஆஸ்பத்திரிக் காட்சி வந்தால் டிரிப்ஸ் ஓடுகிறதா என்று பார்ப்பேன். ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டு கட்டினார்களா என்று பார்ப்பேன். ஒரு படத்தில் நர்ஸாக வந்த பெண் ஊசி குத்துவதற்கு முன்னால் நோயாளியின் பேரைக் கேட்டுச் சரிபார்த்தார். இரண்டு வினாடிக் காட்சி. அந்தப் படத்தை எடுத்தவர்கள் எங்கள் மாதிரி ஆட்களை உண்மையாகவே வந்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு படம் முழுவதையும் நம்பிக்கையோடு பார்த்தேன். விவசாயம் பார்ப்பவர் வயல் காட்சியைப் பார்ப்பார், தோல் ஷாப்பில் வேலை செய்தவர் ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று காட்டினால் பதனிடும் தொட்டியைப் பார்ப்பார். நாலு அம்மாக்கள் சேர்ந்து பார்த்தால் படத்தில் குழந்தையைத் தூக்குகிற விதத்தைப் பார்ப்பார்கள். இதெல்லாம் பத்திரிகை விமர்சனத்தில் வராது.

படம் வேறு, தியேட்டர் வேறு

சித்திரை வெயிலில் வேலூரில் பகல் காட்சிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஏசிக்காகப் போகிறவர்கள். வெளியே நாற்பது டிகிரி கொளுத்தும்போது உள்ளே ஜில்லென்று உட்கார்ந்தால் சுமாரான படம்கூட நல்ல படம் ஆகிவிடும். ஏசி வேலை செய்யாவிட்டால் நல்ல படமும் தலைவலி ஆகிவிடும். எனக்கு ஒரு முறை ஒரு தியேட்டரில் வசனமே சரியாகக் கேட்கவில்லை. படத்துக்கு 4 மார்க் போட்டேன். அடுத்த வாரம் இன்னொரு அரங்கில் அதே படத்தைப் பார்த்த கல்லூரித் தம்பி, வசனம்தான் படத்தின் உயிர் என்றார். ஓடிடியில் வந்தபோது இயர்போன் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் உண்மை. மார்க்கை 7 ஆக்கினேன். பழைய மார்க்கை அழிக்கவில்லை, பக்கத்தில் காரணத்தை எழுதிவைத்தேன்.

அதனால் தியேட்டரைப் பற்றி ஒரு வரி தனியாகச் சொல்லுங்கள்: சத்தம் எப்படி, திரை பளிச்சென்று இருந்ததா, முட்டி வலி உள்ளவர் படி ஏற வேண்டுமா, பெண்கள் பாத்ரூம் சுத்தமாக இருந்ததா. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இரவுக் காட்சி விட்டதும் பஸ் கிடைக்குமா என்பது படத்தின் கதையைவிட முக்கியமாக இருக்கும். இதையெல்லாம் படத்தின் மார்க்கில் மட்டும் கலக்காதீர்கள்.

முதல் நாள் ஆரவாரமும் இதே கணக்கில்தான் வரும். தமிழ்நாட்டில் முதல் காட்சி இப்போது காலை 9 மணிக்குத்தான் என்பதால், பெரிய நடிகர் படம் வருகிற அன்று கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டி சித்தூருக்கு வண்டி விடுகிற பையன்கள் நம் ஊரில் உண்டு. விடியற்காலைக் காட்சி, விசில், காகிதம், ஆட்டம். அந்தச் சந்தோஷம் பெரிய சந்தோஷம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே பாதி வசனம் காதில் விழாது. "சித்தூரில் முதல் காட்சி, கொண்டாட்டமாக இருந்தது, படத்தைப் பற்றி இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு தம்பி சொன்னார். அந்தப் பக்குவம் எனக்கு அவர் வயதில் இல்லை.

சொல்ல ஆரம்பிப்பது

முதல் வாக்கியத்தில் எந்த மொழியில், எந்தக் காட்சி, யாரோடு பார்த்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அடுத்து கதை எங்கே தொடங்குகிறது என்று ஒரு வரி. பிறகு உங்களைத் தொட்ட ஒரே ஒரு காட்சி. பிறகு ஒட்டாத ஒரு விஷயம். இது போதும். நிறையச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்வது கண்ணுக்கு முன்னால் வர வேண்டும்.

ஒரு தம்பி முதல் வாரம் சொன்னது: "மாஸ் படம்ண்ணா. ஃபர்ஸ்ட் ஹாஃப் தீ. செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக். பிஜிஎம் வேற லெவல். ஒரு வாட்டி பார்க்கலாம்." இதில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் இதே ஐந்து வாக்கியத்தை எந்தப் படத்துக்கும் சொல்லலாம். நாங்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கேள்வி கேட்டோம். மாஸ் என்றால் எந்தக் காட்சி? லேக் என்றால் எங்கே ஆரம்பித்தது? அரை மணி நேரம் பேசிய பிறகு அவரே திருப்பிச் சொன்னார்:

"சனிக்கிழமை நைட் ஷோ, தமிழ்ல, ரூம் பசங்க நாலு பேரோட பார்த்தேன். ரெண்டு அண்ணன் தம்பி, அப்பா செத்ததும் நிலத்துக்கு அடிச்சுக்கிறாங்க. இடைவேளைக்கு முன்னாடி தம்பி, அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டிட்டு உள்ள போகாம வாசல்லயே நிப்பான். அங்க மியூசிக்கே இல்ல, நாய் குரைக்கிற சத்தம் மட்டும்தான். எனக்கு எங்க பெரியப்பா ஞாபகம் வந்துச்சு. அப்புறம் ஊர்ல ஒரு ரவுடி வர்றான், அவனை அடிக்கவே ஒரு மணி நேரம் போயிடுச்சு. அண்ணன் தம்பி கதையை அதோட விட்டுட்டாங்க."

அதே படம், அதே ஆள். பிஜிஎம் வேற லெவல் என்றவர் கடைசியில் சொன்னது பிஜிஎம் இல்லாத இடத்தைப் பற்றி. முதலில் வாயில் வந்தது ஊரில் புழங்குகிற வார்த்தை. இரண்டாவது அவர் பார்த்தது.

மொக்கை, கிரிஞ்ச், மரண மாஸ், ஃபீல் குட், சுமார் போன்ற சொற்களை விடச் சொல்லவில்லை. அவை நம் பேச்சு, அவை இல்லாமல் சினிமா பேசினால் ருசி இருக்காது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு "ஏன்னா" சேர்த்துவிடுங்கள்.

யாருக்கு என்று சொல்வது

இதை நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். குடியாத்தத்தில் என் அத்தை இருக்கிறார். பள்ளி லீவில் மகள் வீட்டுப் பேத்தி வந்திருந்தாள், ஏழு வயது. "கண்ணு, பாப்பாவைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன், நீ பார்த்தியே, நல்லா இருக்கா?" என்று போன் செய்தார். எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்திருந்தது. "சூப்பரா இருக்கு அத்தை, குடும்பத்தோட போங்க" என்றேன். வேலை நேரம், ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

படத்தில் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கழுத்தறுக்கும் காட்சி. எனக்கு அது நினைவிலேயே இல்லை, அந்த மாதிரிக் காட்சிகள் எனக்குப் பழகிப்போயிருந்தன. பாப்பா அலறி அழுதிருக்கிறாள். அத்தை முந்தானையால் அவள் முகத்தை மூடி, இடைவேளை விடும் முன்பே வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பஸ் பிடித்து வந்தவர்கள் பாதிப் படத்தோடு திரும்பினார்கள். அந்த வாரம் பாப்பா விளக்கை அணைக்க விடவில்லையாம். அத்தை என்னைத் திட்டவில்லை. "உனக்கு ஞாபகம் இருந்திருக்காது கண்ணு" என்றார். அது எனக்குத் திட்டைவிட அதிகமாக வலித்தது.

அதற்குப் பிறகு சான்றிதழை நான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். நீங்களும் பாருங்கள். யு என்றால் எல்லோரும் பார்க்கலாம். ஏ என்றால் 18 வயது நிரம்பியவர்கள் மட்டும். குழந்தையை அழைத்துப் போனால் உள்ளே விடக் கூடாது. நடுவில் இருக்கும் யுஏ-வை 2024-இல் மூன்றாகப் பிரித்தார்கள்: யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்பது பெற்றோர் முடிவு, தியேட்டர் தடுக்காது. யுஏ 16+ என்று போட்ட படத்துக்கு ஏழு வயதுப் பிள்ளையும் போய் உட்காரலாம் என்பதுதான் இதன் பொருள். அதனால் அந்த எண்ணை நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிக்கெட் எடுக்கிற ஆப்பிலேயே அது இருக்கும், படம் தொடங்கும்போது திரையிலும் சான்றிதழைக் காட்டுவார்கள்.

எண் மட்டும் போதாது. ரத்தம் எவ்வளவு, பேய் உண்டா, கெட்ட வார்த்தை உண்டா, குழந்தைக்கு ஏதாவது ஆகிற காட்சி உண்டா, நாய் சாகிறதா, தற்கொலைக் காட்சி உண்டா. புருஷனை இழந்து ஆறு மாதம் ஆன ஒருவர் கேட்கிறார் என்றால் படத்தில் சாவு வீட்டுக் காட்சி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். இது கதையை உடைப்பது ஆகாது. "சாவு வீட்டுக் காட்சி ஒண்ணு நீளமா வரும், உங்களால முடியுமான்னு பார்த்துக்கங்க" என்றால் போதும், யார் செத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மார்க்

மார்க் போடுவது நம் ஊருக்குப் புதிது இல்லை. ஆனந்த விகடன் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு வந்தது வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு அவர்கள் கொடுத்தது 62.5. பள்ளிக்கூடக் கணக்கில் அது முதல் வகுப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த மார்க்கை இன்றுவரை பெருமையாகப் பேசுகிறார்கள். விகடனில் 40 வாங்குவதே பெரிது என்று படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் 62.5-க்கு அந்த எடை வந்தது. அளவுகோல் தெரிந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம்.

அதனால் முதலில் உங்கள் அளவுகோலைத் தயார் செய்யுங்கள். ஏற்கெனவே பார்த்த மூன்று படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: மறக்கவே முடியாதது ஒன்று, பார்த்ததோடு சரி என்று ஆனது ஒன்று, பாதியில் எழுந்து வரத் தோன்றியது ஒன்று. அவற்றுக்கு 9, 5, 2 என்று போடுங்கள். புதுப் படம் பார்த்ததும் இந்த மூன்றில் எதற்குப் பக்கத்தில் என்று யோசித்தால் எண் தானே வந்துவிடும். எனக்கு 5 என்றால் போனதற்குப் பழுதில்லை. 7 என்றால் நானே ஒருவருக்குப் போன் போட்டுப் பாருங்கள் என்பேன். 9 போட்டால் மறுபடி என் காசில் பார்ப்பேன். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் 9 போடுகிறேன். எல்லாவற்றுக்கும் 8 போடுகிற ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருந்தார், நல்ல மனசுக்காரர், யாருக்கும் குறைத்துப் போட மனம் வராது. அவர் 8 என்றால் நாங்கள் "ஆட்டோவில் போகிற 8-ஆ, நடந்து போகிற 8-ஆ" என்று கேட்போம். அவரே சிரித்துக்கொண்டு சரியான எண்ணைச் சொல்லிவிடுவார்.

ஊர் மார்க்கைப் பார்க்கும்போதும் அதன் அளவுகோலைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐஎம்டிபி, ராட்டன் டொமேட்டோஸ், லெட்டர்பாக்ஸ்ட் எல்லாம் படங்களுக்கு மார்க் காட்டுகிற இணையதளங்கள். ஐஎம்டிபியில் 10-க்கு என்று வருகிற எண், பார்த்தவர்கள் போட்ட எல்லா ஓட்டையும் கூட்டி வகுத்த வெறும் சராசரி இல்லை. சில ஓட்டுக்கு எடை கூடக் குறைய வைத்துக் கணக்கிடுகிறார்கள். ராட்டன் டொமேட்டோஸில் 90 சதவீதம் என்றால் 10-க்கு 9 மார்க் என்று அர்த்தம் இல்லை. பத்து விமர்சகரில் ஒன்பது பேருக்குப் பிடித்தது என்றுதான் அர்த்தம். அந்த ஒன்பது பேருமே "பரவாயில்லை" என்று மட்டும் நினைத்திருந்தாலும் 90 வரும். லெட்டர்பாக்ஸ்டில் அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை. படம் வந்த முதல் இரண்டு நாளில் எங்கே பார்த்தாலும் 10-ம் 1-மாகத்தான் குவியும். ரசிகர் 10 போடுவார், எதிர் ரசிகர் 1 போடுவார். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

கதையை எதுவரை சொல்லலாம்

டிரெய்லரில் காட்டியதைச் சொல்லலாம். முதல் இருபது நிமிடத்தில் நடப்பதைச் சொல்லலாம். இடைவேளைத் திருப்பத்தைத் தொடாதீர்கள், "ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்றுகூடச் சொல்லாதீர்கள், சொன்னால் எதிரில் இருப்பவர் படம் முழுக்க அதையே தேடிக்கொண்டிருப்பார். நம்மில் பலர் தியேட்டருக்குப் போவதில்லை, நாலு வாரம் போல ஓடிடியில் வரும்போது வீட்டில் குடும்பத்தோடு பார்ப்பார்கள். அதுவரை அவர்களுக்கும் சேர்த்துக் காத்திருங்கள்.

ஒத்துப்போகாதபோது

"உனக்குப் படம் பார்க்கத் தெரியல" என்ற வாக்கியம் எங்கள் கூட்டத்தில் வரக் கூடாது என்று வைத்திருக்கிறோம். அதற்குப் பதில், "நீ சொன்ன அந்தக் காட்சி எனக்கு வேற மாதிரிப் பட்டுச்சு" என்று தொடங்குங்கள். காட்சியைப் பிடித்துக்கொண்டு பேசினால் சண்டை வராது. நடிகரின் நிறம், உடம்பு, சாதி, வீட்டு விவகாரம் இவற்றை இழுத்தால் வரும், வரத்தான் செய்யும். நடிப்பு பிடிக்கவில்லை என்றால் எந்தக் காட்சியில் என்ன குறைந்தது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரை ஒரு முறை கேளுங்கள். என் தங்கை இரண்டு வருஷம் எங்களோடு வந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு மட்டும் போனாள். யாரும் கேட்டதில்லை. கேட்ட அன்று, நாங்கள் எல்லோரும் 8 போட்ட ஒரு காதல் படத்துக்கு 3 போட்டாள். "அந்தப் பொண்ணு வேணாம்னு மூணு வாட்டி சொல்றா. ஒரு வாட்டிகூட அவன் காதுல விழல. பஸ் ஸ்டாண்டுல தினமும் இதைத்தான் பார்க்கிறேன், காசு குடுத்தும் பார்க்கணுமா?" என்றாள். அன்றைக்கு மூன்று பேர் மார்க்கை மாற்றினோம்.

எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதும்போது

பூங்காவில் பேசுவதையே எழுதினால் போதும், சுருக்கமாக. பார்க்காத படத்துக்கு மார்க் போடாதீர்கள். பாதியில் எழுந்து வந்திருந்தால் எதுவரை பார்த்தேன் என்று எழுதுங்கள். யாராவது ஓசி டிக்கெட் கொடுத்திருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். வேறு ஒருவர் எழுதியதை அப்படியே ஒட்டாதீர்கள்.

படம் பிடிக்கவில்லை என்று எழுதினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். புதுப் படங்களுக்கு முதல் மூன்று நாள் விமர்சனமே வரக் கூடாது என்று கேட்டுத் தயாரிப்பாளர் தரப்பு 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அப்படித் தடை விதிக்கவில்லை. விமர்சிப்பது கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. அதற்காக ஒரு ஆளைப் பற்றிப் பொய் எழுதலாம் என்று ஆகாது. படத்தைப் பற்றி, பார்த்ததை, காரணத்தோடு எழுதுங்கள். நூறு பேர் உழைத்திருப்பார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும், டிக்கெட் எடுத்தவர் காசும் நினைவில் இருக்கட்டும்.

மாதிரிக்கு ஒன்று தருகிறேன். போன மாதம் அத்தை வேலூர் வந்து ஒரு படம் பார்த்துவிட்டு, பஸ்ஸில் திரும்பும்போதே வாட்ஸ்அப்பில் எனக்கு வாய்ஸ் அனுப்பினார். பின்னால் கண்டக்டர் விசில் கேட்கும். முழுதும் நாற்பது வினாடிதான்:

"கண்ணு, மேட்னி பார்த்துட்டு வர்றோம், நானும் பக்கத்து வீட்டு விஜயாவும். கெழவன் ஒருத்தன் காணாமப் போன மாட்டைத் தேடிட்டுப் போறான், அதான் கதை. ரத்தம் கித்தம் ஒண்ணும் இல்ல, பாப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கலாம். மாட்டுக்குப் பேரு சொல்லிக் கூப்பிடுவான் பாரு, எங்கப்பா அப்படித்தான் கூப்பிடுவாரு. விஜயா தூங்கிட்டா, அவளுக்கு மாடு கன்னு பழக்கம் இல்ல. ஏசி ரொம்ப ஜாஸ்தி, சால்வை எடுத்துக்கச் சொல்லு. நான் ஏழு போடுறேன். நீ அம்மாவைக் கூட்டிட்டுப் போ, முன்னாடி வரிசை வேணாம், கழுத்து வலிக்கும்."